மண் வில்லைக்காரன் கையில் சாவி

ரொம்ப காலத்துக்கு முன்னால் தென்கரை நாட்டை உதயசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. பசி வந்தால் மட்டும் மனுஷனாக இருக்கமாட்டான்.

அரண்மனைக்கு வருகிறவர்களுக்கு வாசலில் முறைக்கு அடையாளமாக ஒரு வில்லை கொடுப்பார்கள். பிரபுக்களுக்குப் பொன், வியாபாரிகளுக்கு வெள்ளி, மற்ற ஜனங்களுக்கு மண். பொன் முதலில் போகும், மண் கடைசியில். அவன் அப்பா காலத்திலும் இதே வில்லைகள்தான். ஆனால் அப்போது மணி அடிக்கும்போதெல்லாம், காத்துக் கிடக்கிறவனிடம் மண்ணை வாங்கிக்கொண்டு வெள்ளியைக் கொடுப்பார்கள்.

"மண்ணும் வெள்ளியும் ஒன்றா?" என்று அந்த மணியை நிறுத்தியவன் வாசல் அதிகாரி ரணதீரன். மந்திரி நல்லூரார் மேல் அவனுக்கு எரிச்சல். அவர் நல்லது என்றதெல்லாம் இவனுக்குக் கசக்கும்.

ஒருநாள் விடிகாலையில் உப்பு சுமக்கும் சடையன், மனைவியோடும் காய்ச்சலில் கொதிக்கும் மகளோடும் அரண்மனை வைத்தியரைப் பார்க்க வந்தான். வெள்ளிக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

மந்திரி ராஜாவிடம் போய்ச் சொன்னார்.

"முறை வரும்போது வரட்டுமே" என்றான் ராஜா.

"மந்திரியாருக்கு மண் வாசனை பிடிக்கும்" என்று சிரித்தான் ரணதீரன்.

முறை தப்பி மருந்து கொடுத்தால் வைத்தியர் தலை போய்விடும். நல்லூரார் வெளியே போனார்.

உச்சிப்பொழுதில் ராஜா சாப்பிட வந்தான். சாப்பாட்டு மண்டபம் பூட்டிக் கிடந்தது.

"சாவி எங்கே?"

"வாசல் வரிசையில் இருக்கிறது, மகாராஜா. சடையனிடம் நான்தான் கொடுத்தேன்" என்றார் மந்திரி.

"ஒரு மண் வில்லைக்காக நான் காத்திருப்பதா?"

"அவன் வரத் துடிக்கிறான். உங்களைக் காக்கவைப்பது அவனுக்கு முன்னால் நிற்கும் வெள்ளிக்காரர்கள்."

"துரோகம்! இப்போதே அவனை இழுத்து வருகிறேன்" என்று பாய்ந்தான் ரணதீரன்.

"எந்த முறைப்படி?" என்றார் மந்திரி.

"என் இடத்தை அவனுக்குக் கொடுத்துக் கூட்டிவா!" என்று ராஜா கத்தினான்.

"அதுவும் உங்கள் தகப்பனார் வழக்கம்தான். பெரியவன் சின்னவனுக்காகக் காத்திருந்தால், சின்னவனுக்குப் பெரியவன் இடம். நாம் வில்லையை வைத்துக்கொண்டு வழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தான். ரணதீரன் கையில் மண் வில்லையைத் திணித்து வரிசையின் கடைசிக்கு அனுப்பினான்.

சடையன் வந்து சாவியை ராஜாவின் காலடியில் வைத்தான்.

"வைத்தியர் வருகிறார். உன் மகள் எங்கே?"

"வாசல்ல அவ அம்மா மடியில கெடக்கா, சாமி. காலையில தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இப்போ கேக்கல."

மந்திரி மாலையைக் கீழே வைத்துவிட்டார். ராஜாவுக்குப் பசிக்கும்வரை அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பாவம், அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

மறுநாளிலிருந்து மணி பழையபடி அடித்தது. அன்றைக்குச் சடையன் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனபோது, வெள்ளிக்காரர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.