செண்பகம் படி தாண்டிய கதை

புத்திசாலிகள் ஊரில் கதைக்கு என்ன வேலை? அதனால் மந்திகுளத்துக்குப் போவோம். அங்கே பேச்சிமுத்துவுக்கு ஒரே மகள் செண்பகம், ஒன்பதாம் வகுப்பு. ஓட்டத்தில் சூரப்புலி. காலைச் சாப்பாடு என்றால் மட்டும் காத தூரம் ஓடுவாள்.

போன வாரம் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். பேச்சிமுத்து அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"வளர்ற பிள்ளை. பெரியவங்க சாப்பிட்டாத்தான் அதுவும் சாப்பிடும். இனிமே உங்க வீட்டுல யாரும் காலையில சாப்பிடாம வாசப்படி தாண்டக் கூடாது" என்றார் நர்ஸம்மா. பேச்சிமுத்து அதைக் குலசாமி வாக்காக எடுத்துக்கொண்டார்.

இன்று பத்து மணிக்கு மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். செண்பகம் ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். தட்டில் நாலு இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"பசிக்கலப்பா. நேரமாச்சு, விடுங்க."

"படி தாண்டக் கூடாதே தாயி!" பேச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. மகள் ஜெயிக்கவும் வேண்டும், மறுபடி மயங்கி விழவும் கூடாது. மனுஷன் என்னதான் செய்வார்? பக்கத்து வீட்டிலிருந்த அண்ணன் இசக்கியையும் தம்பி கொம்பையாவையும் கூப்பிட்டார்.

"படியத்தான சொன்னாக? கூரையப் பத்தி எதும் சொன்னாகளா?" என்று கேட்டார் இசக்கி.

"மூச்சு விடலண்ணே."

அவ்வளவுதான். கொம்பையா கூரையில் ஏறி நாற்பது ஓடுகளைப் பிரித்தான். செண்பகத்தைக் கயிற்றில் கட்டி மேலே தூக்கித் தெருவில் இறக்கினார்கள். கவலையில் பேச்சிமுத்துவும் சாப்பிட்டிருக்கவில்லை. அதனால் தூக்குவாளியில் இட்லியைப் போட்டுக்கொண்டு அவரும் அதே வழியாக வந்தார்.

"மழை பெஞ்சா என்ன செய்ய?" உள்ளேயிருந்து அவர் மனைவி மாடத்தி கத்தினாள்.

"மழையப் பத்தி நர்ஸம்மா ஒண்ணுஞ் சொல்லலட்டீ!"

கயிற்றில் தொங்கியதில் செண்பகத்துக்கு வயிறு கபகபவென்று பசித்தது. நாலு பேரும் பள்ளி வாசலுக்கு ஓடிவந்ததும் நாலு இட்லியையும் முழுங்கினாள். பேச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் கொம்பையா முகம் தொங்கிவிட்டது.

"சாப்பிட்டும் படி தாண்டலேன்னா, தின்ன இட்லி வீணால்லா போயிரும்?"

"வீட்டுக்குப் போய்ட்டு வர நேரமில்லையே!" என்றார் பேச்சிமுத்து.

"அவ எதுக்குப் போகணும்? படி வரட்டும்" என்றார் இசக்கி.

அடுத்த தெருதான் வீடு. மூவரும் ஓடிப்போய்க் கடப்பாரையால் நெம்பி, வாசல் நிலையும் படியுமாகப் பெயர்த்துத் தூக்கிவந்து, ஓட்டம் தொடங்கும் கோட்டில் நட்டுப் பிடித்துக்கொண்டார்கள். பி.டி. வாத்தியார் ஊத வாயில் வைத்த விசில், அவர் திகைத்ததில் தானாகவே ஊதிவிட்டது. செண்பகம் படியைத் தாண்டிப் பறந்தாள். மற்ற பிள்ளைகள் இது புது விதி போலும் என்று அந்த நிலைக்குள் நுழைய முட்டி மோதினார்கள். அவர்கள் வெளியே வருவதற்குள் செண்பகம் மைதானத்தைச் சுற்றி வந்து முதலாவதாக நின்றாள்.

பேச்சிமுத்து தேம்பித் தேம்பி அழுதார். மூவரும் நிலையைத் திரும்பச் சுமந்துபோய், பழைய இடத்தில் வைத்து, சிமெண்டும் பூசி முடித்தார்கள்.

மத்தியானம் செண்பகம் சான்றிதழோடு வந்தாள். ஒரே தாண்டில் உள்ளே போனாள். அப்பா வெயிலில் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கப்பா!"

"நான் காலையிலருந்து சாப்பிடல தாயி. எப்படிப் படி தாண்டுவேன்?"

"சாப்பாடு உள்ளதான இருக்கு?"

"அதான் தாயி, நான் கூரைல ஏறுதேன். நீ அந்தக் கயித்த எடு."