வளையத்தைத் திறக்கும் முன்

கிளமெண்ட் பெர்னாண்டோ முப்பத்தைந்து வருடம் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் கொட்டகைக்குள் கிடந்த பழைய கார் ஒன்றை வாங்கினார். அவர் பிறப்பதற்கு முன்பே ஓடிய கார்.

என்ஜினை அவரே பிரித்துச் சரிசெய்துவிட்டார். டயரில்தான் மாட்டிக்கொண்டார்.

அந்தக் காரின் சக்கரம் ஒரே துண்டு அல்ல. ஒரு பக்கம் டயரை டிஸ்க் என்கிற சக்கரத் தட்டு தாங்கும். மறுபக்கம் தனியாக மாட்டிய இரும்பு வளையம் ஒன்று பிடித்திருக்கும். உள்ளே காற்று இருக்கும்போது அந்த வளையத்தை நெம்பினால், நெம்பியவன் மேல்தான் பாயும். சேலத்தில் மூன்று கடைக்காரர்கள் சக்கரத்தைப் பார்த்ததுமே கும்பிடு போட்டார்கள். மூன்றாமவர் மட்டும் கூடவே ஒன்று சொன்னார்.

"சங்ககிரியில பாவாயின்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்க தொட்டாத்தான் உண்டு."

பாவாயிக்கு நாற்பத்தொரு வயது. லாரிகள் வரிசையாக நிற்கும் புறவழிச்சாலையில் டயர் கடை வைத்திருந்தார். கிளமெண்ட்டைவிட இருபது வயது இளையவர்.

"வெச்சுட்டுப் போங்க சார். நாளைக்குக் கழட்டி வெக்கறேன்."

"கழட்டித் தர வேண்டாம்மா. கழட்டக் கத்துக் குடுங்க."

"எதுக்குங்க?"

"ஓட்டப்போறது நான். வழியில பஞ்சரானா நான்தான கழட்டணும்?"

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாரத்துல மூணு நாள் வரோணும். சொல்றதை மட்டும் செய்யோணும். முடியுமுங்களா?"

"முடியும்."

மூன்று வாரம் ஒரே வேலைதான். அதேபோல் வளையம் மாட்டிய லாரிச் சக்கரங்களில் காற்றை இறக்குவது. வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைத் திருகி எடுக்க வேண்டும். காற்று போய்ச் சத்தம் நின்ற பிறகு, வால்வுக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குடைய வேண்டும். வெளியே எடுத்து, இன்னொரு முறை விட வேண்டும். அதற்குப் பிறகு வளையத்தைப் பாவாயிதான் கழற்றுவார். கிளமெண்ட் பக்கவாட்டில் நின்று பார்க்கலாம். எதிரே நிற்கக் கூடாது.

நாலாவது வாரம் கிளமெண்ட் கேட்டார்.

"அம்மா, ஊசியை எடுத்தா காத்து போயிடுது. சத்தம் நின்னா உள்ள ஒண்ணுமில்ல. அதுக்கு அப்புறமும் எதுக்குக் கம்பி?"

பாவாயி அடுத்த லாரிச் சக்கரத்தை உருட்டி வந்து அவர் முன்னால் சாய்த்துவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் கிளமெண்ட்டின் சக்கரங்களுக்கு முறை வந்தது. எஸ்டேட்டிலிருந்து காரைத் தள்ளி லாரியில் ஏற்றுவதற்காக அவற்றில் காற்று அடித்திருந்தார்கள். முதல் இரண்டையும் கிளமெண்ட்டே கழற்றினார். ஊசி, கம்பி, மறுபடி கம்பி, பிறகு வளையம். பிசகில்லை. மனுஷன் வாய்க்குள் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது சக்கரத்தில் ஊசியை எடுத்தார். புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்தது. நின்றது. பாட்டு நிற்கவில்லை. லீவரை எடுத்து, வளையத்தின் இடுக்கில் நுனியை நுழைத்தார்.

பத்தடி தள்ளி டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த பாவாயி நிமிர்ந்து பார்த்தார்.

"சார், டீ வந்துருச்சுங்க."

"இதை முடிச்சுட்டு வந்துடறேன்மா."

"ஆறிப்போயிருமுங்க. லீவரை மெதுவா வெளிய எடுத்துக் கீழ வெச்சுட்டு வாங்க."

கிளமெண்ட்டுக்குக் கொஞ்சம் எரிச்சல். ஆனாலும் சொன்னதைச் செய்தார். வந்து டீயைக் குடித்தார். குடித்து முடித்ததும் பாவாயி கையை நீட்டினார். உள்ளங்கையில் கம்பி இருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் கிளமெண்ட்டுக்கு நினைவு வந்தது.

பக்கவாட்டில் குந்தி, வால்வுக்குள் கம்பியை விட்டார். ஏதோ தட்டுப்பட்டது. குடைந்தார். மக்கிப்போன ரப்பர் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. அடுத்த கணம் காற்று சீறிக்கொண்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. சாலையில் போன லாரிகளின் இரைச்சல்கூட அவருக்குக் கேட்கவில்லை. அத்தனை காற்றும் அந்த டயருக்குள், அவர் நெம்பப் போன வளையத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

சத்தம் ஓய்ந்தது. கிளமெண்ட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரிஞ்சுதான் டீக்குக் கூப்பிட்டீங்களா?"

"ஆமாங்க."

"வேண்டாம்னு கத்தியிருக்கலாமே அம்மா?"

"கத்துனா கை திடுக்குன்னு அழுத்துமுங்க சார்."

கிளமெண்ட் எழுந்தார். அவர் தன் காலைத் தொடக் குனிகிறார் என்று தெரிந்ததும் பாவாயி இரண்டடி பின்னால் போனார்.

"எனக்கு வேண்டாமுங்க. மொதல்ல ரிங்கைக் கழட்டுங்க. அப்பறம் ஒரு எடத்துக்குப் போலாம்."

கிளமெண்ட் கம்பியை இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். டயரின் ஓரத்தை டிஸ்க்கிலிருந்து விடுவித்தார். லீவரை வைத்து நெம்பினார். கைவளையல் கழல்வதுபோல் இரும்பு வளையம் கழன்று வந்தது.

பாவாயி ஸ்கூட்டரை எடுத்தார். கிளமெண்ட் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மூன்று மைல் போய், ஒரு மாவு மில் முன்னால் நின்றார்கள்.

உள்ளே ஒருவர் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார். புருவம், மீசை எல்லாம் மாவு. இடது கையால் மில்லை நிறுத்தினார். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. தாடையில் நீளமாக ஒரு தழும்பு.

"இவரு அர்த்தநாரியண்ணன்" என்றார் பாவாயி. "இப்ப நான் வெச்சிருக்கற கடையை மொதல்ல நடத்துனவரு. அண்ணா, இவரு ரிங்கு கழட்டக் கத்துக்கறாருங்க. இன்னைக்குக் கம்பி விட மறந்துட்டாரு."

"அடைப்பு இருந்துச்சா?"

"முக்காவாசிக் காத்து உள்ளதான் இருந்துச்சு."

அர்த்தநாரி ஒரு மூட்டையைத் தட்டி, கிளமெண்ட்டை அதன் மேல் உட்காரச் சொன்னார்.

"பத்தொம்பது வருசம் ஆச்சுங்க. புள்ள வேலைக்குச் சேந்து ஆறு மாசம். ஒரு லாரிக்காரன் அவசரமுன்னு நிக்கறான். இவ சக்கரத்துகிட்டக் குந்தி, கம்பி விட்டுக் கொடஞ்சுட்டே இருக்கறா. ஒருக்கா விட்டா, அப்பறம் மறுபடியும் விடறா. எனக்குக் கோவம். ஊசியில நூல் கோக்கறயா, எந்திரின்னு வெரட்டிட்டு, லீவரைப் புடுங்கி நானே நெம்புனேன்."

பாவாயி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு முழிச்சா ஈரோட்டு ஆஸ்பத்திரி. இவ துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, அந்த லாரியிலயே ஏத்தி, வழி முழுக்க என் கையை மேல தூக்கிப் புடிச்சுட்டே வந்தாளாம். டாக்டரு சொன்னாரு. இல்லீனா உசுரு தங்கியிருக்காதுன்னு."

"அப்ப இவங்களுக்கு அந்தக் கம்பி வேலையை யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார் கிளமெண்ட்.

"அண்ணன்தான்" என்றார் பாவாயி, திரும்பாமலே. "சேந்த அன்னைக்கே. மொதப் பாடமே அதுதானுங்க."

அர்த்தநாரி சிரித்தார். மீசையிலிருந்து மாவு உதிர்ந்தது.

"சொன்னவன் மறந்துட்டனுங்க. கேட்டவ மறக்கல."

கிளமெண்ட் கப்பலில் எத்தனையோ கொதிகலன்களின் அருகில் நின்றிருக்கிறார். தான் உயிரோடு இருப்பதற்கு முன்பின் தெரியாத ஒருவர் காரணமாக இருக்கலாம் என்று அவருக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"ஐயா," என்றார், "அங்க அவங்க கால்ல விழப் போனேன். எனக்கு வேண்டாம்னு உங்ககிட்டக் கூட்டிட்டு வந்துட்டாங்க. உங்களுக்கு நான் என்ன தட்சிணை குடுக்கறது?"

அர்த்தநாரி பாவாயியைப் பார்த்தார். நீங்களே வாங்கிக்குங்க என்பதுபோல் பாவாயி தலையை ஆட்டினார்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க."

கிளமெண்ட் நீட்டினார். அர்த்தநாரி மாவு படிந்த தன் இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுக்கொண்டே வந்தார். கட்டைவிரலில் தொடங்கிக் கட்டைவிரலில் முடித்தார். பத்து நுனியிலும் மாவு ஒட்டியிருந்தது.

"பத்தும் முழுசா இருக்குதுங்க. தட்சிணையை வாங்கிக்கிட்டனுங்க" என்றார்.