முயல் வராத நன்றியுரை

குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு. காட்டுப் பள்ளிக்கூடம் அதில்தான் நடந்தது. தலைமையாசிரியர் நாரை. படிக்க வந்த யாரையும் தின்னக் கூடாது என்பது அங்கே முதல் விதி!

வாத்துக் குஞ்சுகள் நீந்தி வந்தன. தவளைக் குட்டிகள் துள்ளி வந்தன. துவரை என்ற முயல் குட்டி மட்டும் கரையிலேயே நின்றது. அதற்கு நீந்தத் தெரியாது.

அன்றைக்குப் பருந்துப் பாடம். "பருந்தின் நிழலைக் கண்டால் உடனே..." என்று நாரை கத்தியது. மிச்சத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.

"உடனே என்ன செய்யணும் ஐயா?" என்று துவரை அலறியது. பதில் கேட்கவில்லை, பாவம். பருந்து வந்தால் வாத்து தண்ணீரில் முங்கிவிடும். முயல் எங்கே முங்கும்? அந்தப் பாடம் எந்தக் குட்டிக்கு உயிரோ, அதற்குத்தான் எட்டவில்லை.

விஷயம் யானை வேழாம்பாள் காதுக்குப் போனது. உடனே அது கட்டுக் கட்டாக மூங்கில் அனுப்பியது. "நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்குப் பாலம் போடுங்கள்!" என்றும் சொல்லியனுப்பியது.

பள்ளிச் செயலர் தவளைக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு பெரிய உதவி! விழா எடுக்க வேண்டாமா?"

"மேடை போடணும்!" என்றது ஆமை.

"பந்தல்!" என்றது வாத்து.

"வரவேற்பு வளைவு இல்லாம ஒரு விழாவா?" என்றது நாரை.

விழா அமர்க்களப்பட்டது! வேழாம்பாள் தண்ணீரில் இறங்கி நடந்தே வந்தது. அதன் கழுத்தில் ஆளுயரத் தாமரை மாலை விழுந்தது. ஆளாளுக்கு மைக் பிடிக்காத குறையாகத் துவரையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசித் தள்ளினார்கள். வாத்து தேம்பித் தேம்பி அழுதது.

"நிறைவாக நன்றியுரை! வழங்குபவர், உதவி பெற்ற மாணவி துவரை!" என்று தவளை முழங்கியது.

எல்லாரும் கைதட்டினார்கள். யாரும் வரவில்லை. இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்கள்.

"நான் இங்கே இருக்கேன்!" என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எப்படி வர்றது?"

வேழாம்பாள் திரும்பிப் பார்த்தது. "பாலம் எங்கே?"

"அடுத்த வருஷம் போட்டுடலாம் அம்மா!" என்றது தவளை.

"நான் அனுப்பின மூங்கில் எங்கே?"

தவளை திருதிருவென்று விழித்தது. "அதுக்குக் கீழேதானே அம்மா உக்காந்திருக்கீங்க!"

வேழாம்பாள் எழுந்தது. வளைவைப் பிடித்து ஓர் இழு! பந்தலுக்கு ஓர் உதை! செயலர் தண்ணீருக்குள் பாய்ந்தது. கழுத்து மாலையைப் பிய்த்து, அந்த நாராலேயே மூங்கில்களைக் கட்டி, கரை வரைக்கும் நீட்டிப் போட்டது யானை.

துவரை தடதடவென்று ஓடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. அதன் பின்னாலேயே இரண்டு அணில்கள், ஒரு முள்ளெலி!

"நன்றியுரை?" என்று தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டியது தவளை.

"முதல்ல பாடம் சார்!" என்றது துவரை.

நாரை வெட்கத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடத்தை முதலிலிருந்து தொடங்கியது.

எளியவர்களுக்கு என்று வந்த உதவியைக் கொண்டாடித் தீர்த்துவிடாமல், அது அவர்களிடம் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும்.