நாற்பத்தெட்டாவது படம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்றெல்லாம் என்னைத் துருவாதீர்கள், பொழுது போகாத ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய அரண்மனைச் சித்திரக்காரர் அழகியநம்பி ஏழு வயதில் தூரிகை பிடித்தவர். இப்போது வயது அறுபத்திரண்டு. நடுவில் ஒரு நாள்கூட வரையாமல் இருந்ததில்லை. விடிந்தால் ஆற்றங்கரை, சந்தை, யானைக் கொட்டாரம் என்று சுற்றி, கண்ணில் பட்டதை வரைந்துகொண்டு வருவார். தன் கல்யாணத்தன்றே மணமேடையில் உட்கார்ந்தபடி நாகஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை வரைந்த ஆசாமி! வாயும் சும்மா இருக்காது. அதனால் ராஜாவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். மந்திரி உத்தமராயருக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் சபையில் ராஜா கேட்டார்: "நம்பி, இத்தனை படமும் உமக்கு எங்கிருந்துதான் வருகின்றன?"

"கண்ணில் படுவதிலிருந்துதான் மகாராஜா."

மந்திரி கப்பென்று பிடித்துக்கொண்டார். "கேட்டீர்களா பிரபு! பார்த்து எழுதுகிறார், அவ்வளவுதான். இவரை ஜன்னல் இல்லாத அறையில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அடைத்துப் பார்ப்போம். வெள்ளைச் சுவர், வர்ணம், ஒரு விளக்கு. அங்கே கண்ணில் படுவதை வைத்தே சுவரை நிரப்பட்டும். பழைய ஞாபகத்தில் யானை குதிரை போட்டால் செல்லாது. முடியாவிட்டால் ஆயுசுக்கும் தூரிகையைத் தொடக்கூடாது!"

ராஜாவுக்கு இது புது விளையாட்டாகப் பட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றுவிட்டார்.

நம்பி தூரிகையை மார்போடு அணைத்துக்கொண்டார். தலையைக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார். தூரிகையை அல்லவா கேட்கிறார்கள்!

"வேலைக்காரர்களை நம்ப முடியாது. பூ, பூனை என்று எதையாவது உள்ளே விட்டுவிடுவார்கள்" என்றார் மந்திரி. "சாப்பாட்டை நானே கொண்டுபோகிறேன். சாவியும் என்னிடமே இருக்கட்டும்."

நம்பி நிமிர்ந்து மந்திரியை மேலும் கீழும் பார்த்தார். "ஐயோ, தங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்?"

"நானேதான் வருவேன்!"

"அப்புறம் உங்கள் இஷ்டம்."

முதல் நாள் நம்பி வெள்ளைச் சுவரின் முன்னால் போய் நின்றார். 'ஐம்பத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். இந்த ஆளுக்குப் பயந்து விட்டுவிடுவேனா? மாட்டேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு வர்ணத்தைக் குழைத்தார். கதவு திறந்தது. ராஜா தினமும் நாலு அதிரசம் அனுப்பச் சொல்லியிருந்தார். தட்டில் மூன்றுதான் இருந்தது. மந்திரியின் ஒரு பக்கக் கன்னம் புடைத்திருந்தது.

மறுநாள் சுவரில் ஒரு துணி தொங்கியது.

"என்ன அது?"

"கண் திறக்காத சித்திரத்தைப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம், மந்திரியாரே. எல்லாம் முடிந்து, எழுதச் சொன்னவர் முன்னால்தான் கண்ணை எழுதுவோம்."

துணிக்குப் பின்னால் என்ன இருக்கப் போகிறது, வெறும் சுவர்தானே என்று மந்திரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு இன்னொரு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் ராஜா சபையோடு வந்தார். நம்பி துணியை இழுத்தார். சுவர் முழுக்க மந்திரி! கதவிடுக்கில் தலையை நீட்டும் மந்திரி, கொட்டாவி விடும் மந்திரி, விரலை நக்கும் மந்திரி என்று நாற்பத்தேழு மந்திரிகள். தட்டில் அதிரசம் மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைந்து, கடைசி வரிசையில் வெறும் தட்டு. முகங்களில் கண் மட்டும் இல்லை.

"அபாண்டம்!" என்று அலறினார் மந்திரி. "கண்ணே இல்லாத முகத்தை என் முகம் என்று யார் சொன்னது?"

"இதோ, ஒரு நொடி" என்ற நம்பி, ராஜாவின் முன்னிலையில் ஒவ்வொரு முகத்துக்கும் கண் எழுதினார். அத்தனை கண்ணும் தட்டையே பார்த்தன. சபையோடு ராஜாவும் கொல்லென்று சிரித்தார்.

"ஓய், நாலு அதிரசம் அனுப்பினேனே!" என்றார் ராஜா.

"விஷம் இருக்குமோ என்று... ருசி பார்த்தேன் பிரபு..."

"தினமுமா?"

மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டென்று சுவரின் ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். "அங்கே ஒரு முழம் வெறுமையாக இருக்கிறது! சுவரை நிரப்ப வேண்டும் என்பதுதானே ஆணை? இவர் தோற்றார்! தூரிகையைப் பிடுங்குங்கள்!"

சிரிப்பு நின்றது. ராஜாவின் முகம் வாடியது. ஆணை ஆணைதானே?

நம்பி தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "மண்டலம் இன்று சாயங்காலம்தானே முடிகிறது, மந்திரியாரே? இன்றைக்கு என் கண்ணில் பட்டிருப்பது மகாராஜா" என்றவர், ராஜாவின் பக்கம் திரும்பினார். "பிரபு, முகத்தை இப்படி வைத்துக்கொண்டால் எப்படி? சற்று முன்பு சிரித்தீர்களே, அதே மாதிரி சிரியுங்கள். கொஞ்சம் அசையாமல்!"

எங்கே அசையாமல் இருப்பது? ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே சுவரில் ஏறி, வெற்றிடத்தை நிரப்பியது. கண்ணை எழுதி முடித்ததும், ராஜா தம் கைக் கடகத்தைக் கழற்றி, வர்ணம் அப்பியிருந்த நம்பியின் வலக்கையில் தாமே பூட்டினார்.

"இந்தக் கையிலிருந்து தூரிகையை வாங்க இனி எனக்கே அதிகாரம் இல்லை" என்றார்.