கோசலா சொல்லாத பாராட்டு

பெண்கள் ஐஸ் ஹொக்கியில் சுகிர்தா பதினான்கு ஆண்டுகள் தேசிய அணிக்காக ஆடினாள். அதில் ஆறு ஆண்டுகள் தலைவி. முப்பத்து மூன்றாம் வயதில் இடுப்பு வலி தாங்க முடியாமல் போக, விலகினாள்.

பிரியாவிடைக் கூட்டத்தில் எல்லாருக்கும் நன்றி சொன்னாள். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அணித் தோழிகளுக்கு, பனித்தளத்தை மெழுகும் வண்டியின் ஓட்டுநருக்குக்கூட. ஒரு பெயரை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல.

அது கோசலாவின் பெயர். ஏழு வயதில் சுகிர்தாவுக்கு ஸ்கேட்ஸ் கட்டிப் பனியில் இறக்கியவள். பதினெட்டு வயது வரை பயிற்சி கொடுத்தவள். அதன் பிறகும் முக்கியமான ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தவள்.

அன்றும் மூன்றாவது வரிசையில் இருந்தாள். பேச்சு முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் தான் சிறுவயதில் பழகிய அந்தப் பழைய பனித்தளத்துக்கு சுகிர்தா போனாள். கோசலா குனிந்து ஒரு சிறுமியின் ஸ்கேட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா.”

“வா, சுகி. சாப்பிட்டியோ?”

“உங்கட பெயரை வேணுமெண்டுதான் சொல்லேல்லை.”

“தெரியும்.”

“கோவம் இல்லையோ?”

“கோவம் இல்லை. கொஞ்சம் நொந்தது.”



“இருபத்தாறு வருசம் அக்கா. ஊர் உலகமெல்லாம் பாராட்டினது. நீங்கள் ஒருநாளும் ‘நல்லா விளையாடினாய்’ எண்டு சொல்லேல்லை. ஒவ்வொரு கோலும் போட்ட உடனை உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பன். உங்கட முகத்தில ஒண்டும் இருக்காது. அப்பிடி என்னில என்ன பிழை?”

கோசலா சிறுமியின் ஹெல்மெட் பட்டியை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“இவ ஆரணி. இண்டைக்குத்தான் முதல்தரம் ஆரின்ர கையையும் பிடிக்காமல் போகப்போறா. எனக்கு முழங்கால் ஏலாது. நீ கூட்டிக்கொண்டு போ.”

“நான் கேட்டதுக்கு…”

“பிள்ளை காத்துக்கொண்டு நிக்கிறா.”

சுகிர்தா காருக்குப் போய்த் தன் ஸ்கேட்ஸை எடுத்து வந்து கட்டிக்கொண்டாள்.

ஆரணிக்கு ஆறு வயது. ஒரு கையில் குட்டி மட்டை. மறு கையால் சுகிர்தாவின் இரண்டு விரல்களை இறுகப் பிடித்திருந்தாள்.

“விட்டிடாதேங்கோ.”

“விடமாட்டன்.”

மூன்று சுற்று வந்தார்கள். ஆரணி இரண்டு முறை விழுந்தாள். ஒருமுறை அழுதாள். நான்காவது சுற்றில் அவளாகவே விரல்களை விட்டாள். ‘பக்’ எனும் ரப்பர் வில்லையை மட்டையால் தள்ளிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போனாள். இரண்டடி பின்னால், இடுப்பு வலியோடு குனிந்தபடி, இரு கைகளையும் நீட்டிக்கொண்டு சுகிர்தா போனாள்.

ஆரணி மட்டையை ஓங்கி வலையை நோக்கி அடித்தாள். தடுப்புக்கு வெளியே நின்ற தாய்மார் கூவிக் கைதட்டினார்கள். ஆரணி அடித்த வேகத்தில் பின்பக்கமாகச் சரிந்தாள். பனியில் படுமுன் சுகிர்தா அள்ளிக்கொண்டாள்.

“பார்த்தனீங்களோ? பார்த்தனீங்களோ?” என்றாள் ஆரணி.

“எங்கையும் நோகுதோ?” என்றாள் சுகிர்தா.

ஆரணி கையை உதறிவிட்டுத் தாயிடம் போனாள்.

சுகிர்தா தடுப்போரம் வந்து நின்றாள். கோசலா அவளிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

“பிள்ளை கோலை எப்பிடிப் போட்டவ? இடப்பக்கமோ, வலப்பக்கமோ?”

சுகிர்தா வலையைத் திரும்பிப் பார்த்தாள். பக் வலைக்குள் நடுவில் கிடந்தது.

“தெரியாது அக்கா. விழுந்திடுவாளோ எண்டு காலைத்தான் பார்த்துக்கொண்டு போனனான்.”

கோசலா தலையாட்டினாள்.

“உன்ர கோல் ஒண்டையும் நானும் பார்க்கேல்லை, சுகி.”