ஆவுடையப்பன் தூங்கினாரா?

சுரைக்காய்ப்பட்டியில் புத்திசாலியே கிடையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒருத்தர் இருந்தார். போன வருஷம் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தவர்களில் ஆவுடையப்பனுக்கு இடுப்பு வலி. நெல் மூட்டை தூக்கும்போது பிடித்தது, நாலு வருஷமாக விடவில்லை. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. டவுன் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பலமான வலி மாத்திரையைப் போட்டால்தான் எழுந்து பல்லே விளக்குவார்.

மாத்திரை தீருகிற சமயம் அவரும் மனைவி குருவம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரெஜினா சிஸ்டர் என்றைக்கும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இவர் குறட்டை விடுவாரா?"

"விடுவாராவா? பக்கத்து வீட்டு மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுதே சிஸ்டர்!" என்றாள் குருவம்மா.

"நடுவுல குறட்டை நின்னு, மூச்சு முட்டி, திடுக்குன்னு முழிப்பாரா?"

"ஆமா. குறட்டை நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் நான் கண் அசருவேன்."

சிஸ்டர் முகம் மாறிவிட்டது. "சில பேருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும்மா. இந்த மாத்திரையும் மூச்சை மந்தமாக்கும். ரெண்டும் சேர்ந்தா, படுத்தவர் எழும்பாமலே போயிடலாம். ஒரு வாரத்துக்கு மட்டும் பழைய மாத்திரை தர்றோம். அதுக்குள்ள தூக்கத்தை டெஸ்ட் பண்ணணும். அப்புறம்தான் டாக்டர் என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணுவார்."

டெஸ்ட் என்று அவர் கொடுத்தது விரலில் மாட்டுகிற ஒரு கிளிப், அதோடு வயரில் ஒட்டிக்கொண்ட சின்ன மெஷின். "இதை மாட்டிக்கிட்டு ஆறு மணி நேரம் தூங்கணும். கழட்டக் கூடாது. மாத்திரையைப் பூட்டி வையுங்க, யார் கையிலயும் சிக்கக் கூடாது. சாராயம் தொடவே கூடாது. கூப்பிட்டும் எழும்பலைன்னா 108-க்குப் போன் போடுங்க."

இதையெல்லாம் விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டவர்கள் குருவம்மாவின் தம்பிகள் மூன்று பேர். தளவாய், மாசானம், இசக்கி. அக்கா எங்கே போனாலும் கூடவே போவார்கள். அந்த வீட்டில் எந்த வேலையையும் ஒருத்தர் தனியாகச் செய்ததில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து இழவு வீட்டில் அழுவது வரைக்கும் முறை வைத்துத்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மாத்திரையை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

"யார் கையிலயும்னா யாரு?" என்று கேட்டான் இசக்கி.

"யாருன்னாலும்தான்" என்றான் தளவாய்.

"அத்தான்?"

"அத்தானும் ஒரு ஆள்தானல?"

சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார்கள். சாயங்காலம் ஆவுடையப்பன் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று பேருக்கும் பெருமை பிடிபடவில்லை.

"பார்த்தீங்களா அத்தான், உங்களுக்கே சிக்கலை!"

குருவம்மா அம்மிக் குழவியைத் தூக்கினாள். தம்பிகள் தங்களைத்தான் அடிக்க வருகிறாள் என்று ஓடினார்கள். அவள் பூட்டை உடைத்து, புருஷனுக்கு உண்டான ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வேறு பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் ராத்திரி ஆவுடையப்பன் கிளிப்பை மாட்டிக்கொண்டு படுத்தார். காவலுக்கு நாங்கள் இருக்கிறோம், நீ போய்ப் படு என்று அக்காவை அனுப்பிவிட்டு மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் கண் மூடி அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

"அத்தான்!"

"ம்? என்ன மாப்ளே?"

"ஒண்ணுமில்ல. கூப்பிட்டா எழும்புறீங்களான்னு பார்த்தோம். எழும்பிட்டீங்க. தூங்குங்க."

விடியும்வரைக்கும் இப்படியே பார்த்தார்கள். காலையில் மெஷினை வாங்கிப் பார்த்த சிஸ்டர், "இவர் தூங்கவே இல்லையே!" என்றார்.

"எப்படி சிஸ்டர் தூங்குவார்? நூத்தி நாலு தடவை கூப்பிட்டோம், நூத்தி நாலு தடவையும் எழும்பினார்" என்றான் தளவாய். "நூத்தியெட்டுக்கு இன்னும் நாலுதான் பாக்கி. அதுக்குள்ள விடிஞ்சிட்டு."

சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "இன்னைக்கு யாரும் அவரைக் கூப்பிடாதீங்க. இந்தக் கிளிப் ஆறு மணி நேரத் தூக்கத்தைப் பார்க்கணும். அவ்வளவுதான்."

இரண்டாம் நாள் சாயங்காலம் தம்பிகள் கூடி யோசித்தார்கள்.

"ஆறு மணி நேரம்!" என்றான் மாசானம். "ஏற்கெனவே இடுப்பொடிஞ்ச மனுஷன். ராத்திரியும் தூங்கலை. அவர் ஒத்தை ஆளா இம்புட்டையும் எப்படித் தூங்குவார்?"

"மூணு பேர் இருந்தும் அவரை மட்டும் தூங்க விட்டா ஊர் என்ன பேசும்?" என்றான் தளவாய்.

"முறை வச்சுத் தூங்கிடுவோம். ஆளுக்கு ரெண்டு மணி நேரம்" என்றான் இசக்கி.

அப்படியே செய்தார்கள். கிளிப் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கவில்லை, விரல் மாறி விரல் போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் சிஸ்டர் மெஷினைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "முதல்ல நல்லா தூங்கியிருக்கார். கடைசி ரெண்டு மணி நேரம் என்ன, நாடி குதிரை மாதிரி ஓடுது?"

"அது நான் சிஸ்டர்" என்றான் இசக்கி கூச்சத்தோடு. "கனவுல நாய் துரத்திச்சு."

"அப்ப இவர்?"

"அத்தான் பாவம், விடிய விடிய உக்கார்ந்து எங்களைப் பத்திரமா பார்த்துக்கிட்டார்."

"நல்ல பையன்கள் சிஸ்டர். யாருக்கும் மூச்சு நிக்கலை" என்றார் ஆவுடையப்பன். சொல்லும்போதே அவர் கண் சொருகியது.

சிஸ்டர் அதற்குமேல் யாரையும் நம்பவில்லை. ஆவுடையப்பனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுக்கவைத்து, கிளிப்பைத் தானே மாட்டி, தம்பிகளை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். ரெண்டு ராத்திரி கண் விழித்தவர் தலை தலையணையைத் தொடுவதற்கு முன்னாலேயே தூங்கிப்போனார். மருந்துக் கவுண்டரில் நின்றவர்கள் ஜெனரேட்டர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

மணிக்கு முப்பது தடவை மூச்சு நின்றிருந்தது.

டாக்டர் குருவம்மாவிடம், "நல்லவேளை, கண்டுபிடிச்சோம். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். நீங்களா கூட்டவும் கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது" என்றார். மூக்கில் காற்று ஊதுகிற மெஷின் ஒன்றை மாஸ்க்கோடு கொடுத்தார். "தூங்கும்போது இதைக் கண்டிப்பா போட்டிருக்கணும்."

குருவம்மா மாத்திரைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். மெஷினைத் தம்பிகள் சாமி தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு அத்தானோடு முன்னால் நடந்தார்கள். வழியிலேயே ஆரம்பித்துவிட்டது.

"தூங்கும்போதுன்னு சொன்னார் டாக்டர். முழிச்சிருக்கும்போது போட்டா தப்பு" என்றான் தளவாய்.

"தூங்கினப்புறம் நாம போட்டா அத்தான் முழிச்சிருவாரே?"

"முழிச்சா கழட்டிரணும்."

"கழட்டினா தூங்கிருவாரே?"

"தூங்கினா போட்டிரணும்."

கடைசியில் மாசானம்தான் வழி கண்டுபிடித்தான்.

"அத்தான், நாங்க வாசல்ல இருப்போம். நீங்க தூங்கினதும் ஒரு குரல் கொடுங்க. ஓடிவந்து மாட்டிவிடறோம்."

"சரி மாப்ளே" என்றார் ஆவுடையப்பன்.

அன்று ராத்திரி குருவம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முழித்துக்கொண்டிருந்த புருஷன் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, பட்டையை இழுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். குறட்டை இல்லை. பக்கத்து வீட்டு மாடு கட்டின இடத்தில் படுத்துக் கிடந்தது.

காலையில் மாஸ்க்கைக் கழட்டிவைத்த ஆவுடையப்பன், "தலை பாரமே இல்லை குருவம்மா. நல்லா தூங்கியிருக்கேன்" என்றார்.

வாசலில் கண் சிவந்து உட்கார்ந்திருந்த தளவாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாதீங்க அத்தான்! தூங்கியிருந்தா குரல் கொடுத்திருப்பீங்களே? விடிய விடிய காதைத் தீட்டிக்கிட்டு இருந்தோம். ஒரு சத்தம் வந்துச்சா?"

ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"ஆமால்ல. நான் கத்தலையே. அப்ப நான் தூங்கலை போலிருக்கு."

"அடப்பாவிகளா!" என்று குருவம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. விட்டுப்போன தூக்கத்தைத் தூங்கித் தீர்க்க மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கணீரென்று ஒரு சத்தம்.

"ஏ மாப்ளைகளா! தூங்கிட்டேன், ஓடியாங்க!"