ஏரியைப் பார்க்க வந்தவர்கள்

மலைமேல் ஓர் ஏரி இருந்தது. அதன் வடகரையில், நாணல் மறைத்த ஒரு குடிசையில் வெள்ளையம்மாள் என்ற துறவி வாழ்ந்தாள்.

அவளிடம் சீடராக வந்த மாசிலாமணி அவளைவிட வயதில் மூத்தவர். பாலங்கள் கட்டிய பொறியாளர். மனைவி இறந்த பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. யாரோ சொல்லி ஏரிக்கு வந்தார். வெள்ளையம்மாள் ஏரியில் ஒரு சொம்பு நீர் மொண்டு கொடுத்தாள். குடித்தவர் கரையிலேயே சாய்ந்து சாயங்காலம் வரை தூங்கினார். பிறகு ஊருக்குத் திரும்பவில்லை.

ஒருநாள் கேட்டார்.

"இந்த நிம்மதி எனக்கு மட்டும் கிடைச்சாப் போதுமா அம்மா?"

"உங்களுக்குப் போதலையா?" என்றாள் அவள்.

அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நாணலை வெட்டினார். ஏரி தூரத்திலிருந்தே தெரிந்தது. படித்துறை கட்டினார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிச் சாலை கொண்டுவந்தார். சனங்கள் வந்தார்கள். அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பார்க்கப் பார்க்க அவருக்குக் கண் நிறைந்தது.

சனங்களுக்குப் பின்னால் விடுதிகள் வந்தன. விசைப்படகுகள் வந்தன. தூண்டில் போட்டிக்காக ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகின, ஏரியில் ஏற்கெனவே இருந்த மீன்கள் குறைந்தன. நாணலுக்குள் கூடு கட்டும் முக்குளிப்பான் பறவைகள் ஒரு வருஷம் இடம் தேடிச் சுற்றின. அடுத்த வருஷம் வரவில்லை. படகுகளின் அலை கரையை அரித்தது. விடுதிகளின் கழிவு இறங்கி, தண்ணீர் பச்சையானது.

ஒரு வைகாசிக் காலையில் ஏரி முழுக்க மீன்கள் வயிறு காட்டி மிதந்தன.

அன்றைக்குப் படகுத் திருவிழா. விடுதிக்காரர்கள் ஆள் வைத்து மீன்களை அள்ளிப் புதைத்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒலிபெருக்கியில் பாட்டு போட்டாயிற்று.

மாசிலாமணி குடிசைக்கு ஓடிவந்தார்.

"யாரும்மா இந்த ஏரியைக் கொன்னது? பேரைச் சொல்லுங்க. நான் சும்மா விடமாட்டேன்."

வெள்ளையம்மாள் சொம்பில் ஏரி நீரை மொண்டுகொண்டு திருவிழாப் பந்தலுக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

விடுதிக்காரர்களின் தலைவர் ரத்தினசபாபதி எழுந்து கும்பிட்டார். "வாங்கம்மா. உங்க புண்ணியத்துலதான் இந்த ஊரே பிழைக்குது."

"தீர்த்தம்" என்று சொம்பை நீட்டினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "மருந்து சாப்பிடறேம்மா. டாக்டர் வெந்நீர் மட்டுந்தான் குடிக்கச் சொல்லியிருக்கார்."

படகுக் குத்தகைக்காரர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டிச் சிரித்தார். ஒரு குழந்தை ஆசையாகக் கை நீட்டியது. தாய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாண்டா, ஏரித் தண்ணி."

"ஏரிக்குத்தானே வந்தீங்க?" என்று வெள்ளையம்மாள் கேட்டாள்.

"பாக்க வந்தோம்மா" என்றாள் தாய்.

கடைசியில் சொம்பு மாசிலாமணியிடம் வந்தது. வாங்கினார். உதடு வரை கொண்டுபோனார். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கை தானாக இறங்கியது.

"நான் நல்லதுதானேம்மா நினைச்சேன்?"

"ஆமா. இங்க யாரு கெட்டது நினைச்சா?"

அதற்குப் பிறகு அவர் விடுதி விடுதியாகப் போய்ப் பேசினார். கழிவை நிறுத்துங்கள், விசைப்படகை நிறுத்துங்கள் என்று கெஞ்சினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். 'ஏரியைக் காப்போம்' என்று ஒரு பலகை நட்டார்கள். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் திரும்ப நட்ட நாணல் நாற்றுகளை மட்டும், ஏரியை மறைக்கிறது என்று பிடுங்கிப் போட்டார்கள்.

அவர் பேச்சை விட்டுவிட்டார். தனியாக மலைக்குள் நடக்கத் தொடங்கினார். சில நாள் காணாமல் போவார், வருவார்.

ஒருமுறை திரும்பி வந்தபோது மூச்சிரைத்தது. முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல இருந்தது.

"அம்மா, மேற்கே ரெண்டு மலை தாண்டி இன்னோர் ஏரி இருக்கு! கண்ணாடி மாதிரி தண்ணி. அடியில கூழாங்கல் தெரியுது. நீர்நாய் ஒண்ணு குட்டிகளோட கரையில படுத்திருந்தது, என்னைப் பாத்து ஓடக்கூட இல்லை. மனுஷன்னா என்னன்னே அதுக்குத் தெரியலம்மா. கிளம்புங்க, நாம அங்க போயிடலாம்."

வெள்ளையம்மாள் கேட்டாள்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா. முதல்ல உங்ககிட்டத்தான்."

"என்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.